கடிதம் வந்து சேரும். அதற்கப்புறம்?

போன வருடம் ஒரு மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீரை வைத்துவிட்டு, நான் எதுவும் கேட்காமலே லாச்சியைத் திறந்து மூன்று உறைகளை எடுத்து மேசையில் அடுக்கினார். மூன்றும் இங்கிலாந்தின் அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ் அனுப்பியவை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் குப்பி, படம் போட்ட ஒரு தாள், முத்திரை ஒட்டத் தேவையில்லாத ஒரு திருப்பி அனுப்பும் உறை. குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான கிட். இரண்டு வருடத்துக்கு ஒன்றாக வந்து, வந்த கோலத்திலேயே லாச்சிக்குள் போயிருக்கின்றன. "எறியவும் மனமில்லை பிள்ளை, திறக்கவும் மனமில்லை" என்றார்.

மாமிக்கு 66 வயது. கடைக்குப் போய்வரும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும். அந்தத் தாளில் உள்ள படங்கள் உண்மையில் நன்றாகத்தான் வரையப்பட்டிருக்கின்றன, பார்த்தே செய்துவிடலாம். ஆனால் "கான்சர்" என்ற சொல்லைக் கண்டதும் அவர் வாசிப்பதை நிறுத்திவிடுவார். மகனிடம் கேட்கக் கூச்சம். மருமகளிடம் அதைவிடக் கூச்சம்.

கடைசியில் அவர் அந்தப் பரிசோதனையைச் செய்தார். காரணம் நாலாவது கடிதமல்ல. எங்கள் ஊரில் வியாழக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பெண்கள் கூட்டத்துக்கு ஒருநாள் வந்திருந்தார். அன்று நான் ஒரு கிட்டைப் பிரித்துக் காட்டினேன். குப்பியின் மூடியைத் திருகி இழுத்தால் அதோடு ஒரு குச்சி வரும். குச்சியின் நுனியில் வரிவரியாகப் பள்ளங்கள். மலத்தில் ஒருமுறை தேய்த்து அந்தப் பள்ளங்கள் மூடப்பட்டால் போதும், கூட வேண்டியதில்லை. திரும்பக் குப்பிக்குள் செருகி, மூடி, திகதி எழுதி, உறையில் போட்டுத் தபாற்பெட்டியில் போடுவது. மலம் தண்ணீரில் விழாமல் பிடிப்பதற்கு, கழுவிவைத்த ஐஸ்கிரீம் டப்பா ஒன்று போதும் என்றேன்.

"இதைத் தபாலிலயோ அனுப்புறது? தபால்காரன் என்ன நினைப்பான்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முக்கியம். சிரித்து முடிந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வந்தன. இரத்தம் இருந்தால் கான்சரோ? மூலம் இருந்தாலும் செய்யலாமோ? கணவருக்குத் தெரிய வேணுமோ? நான் வைத்தியரல்ல, வைத்தியசாலைகளில் தமிழ் உரைபெயர்ப்புச் செய்பவள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைக் குறித்துக்கொண்டு அடுத்த கிழமை கேட்டு வந்து சொன்னேன். மாமி அன்று எதுவும் கேட்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, பழைய கிட்டுகளின் திகதி முடிந்துவிட்டதால் இலவச எண்ணுக்கு அழைத்துப் புதிதாக ஒன்று எடுத்துத் தரச் சொன்னார். மேலதிகப் பரிசோதனை தேவை என்று முடிவு வந்தது. குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரண்டு பொலிப், அதாவது குடற்சுவரில் வளரும் சின்னக் கட்டிகள், இருந்தன, அங்கேயே வெட்டி எடுத்தார்கள். விட்டிருந்தால் அவை பின்னொரு காலம் புற்றுநோயாக மாறியிருக்கலாம். மாறாமலும் இருந்திருக்கலாம். இப்போது அந்தக் கேள்வி இல்லை.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்காக. அது நடக்கும் மண்டபம் மாவட்ட கவுன்சிலுடையது. வாடகையைக் குறைத்துத் தந்தவர் அதே கவுன்சிலின் சமூக அலுவலர். மாதிரிக் கிட்டைத் தந்தது கவுண்டி கவுன்சிலின் பொதுச் சுகாதாரப் பிரிவு. மாமி ஏறிவந்த பஸ், கவுண்டி கவுன்சில் மானியம் கொடுப்பதால் ஓடுகிறது. அந்த இரண்டு கவுன்சில்களும் கலைக்கப்படப் போகின்றன.

இங்கிலாந்தில் வசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்த நாட்டின் பல பகுதிகளில் உள்ளூராட்சி இரண்டு அடுக்கு. மேலே கவுண்டி கவுன்சில்: முதியோர் பராமரிப்பு, பள்ளிக்கூடங்கள், நூலகம், வீதி, பொதுச் சுகாதாரம். கீழே மாவட்ட அல்லது பரோ கவுன்சில்: குப்பை, வீடமைப்பு, விளையாட்டு மையம், பூங்கா, வாகனத் தரிப்பிடம், பல சமூக மண்டபங்கள். 2024 டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இந்த இரட்டை அடுக்கை முழுவதும் ஒழித்து, எல்லா இடத்திலும் ஒற்றை அடுக்குக் கவுன்சில் வைக்கப்போவதாகச் சொன்னது. ஒவ்வொன்றும் சுமார் 5 லட்சம் மக்களையாவது உள்ளடக்க வேண்டும் என்பது வழிகாட்டல். 21 பகுதிகள் இதில் அடங்கும்.

முதலில் ஓடுவது லண்டனை ஒட்டியுள்ள சர்ரே கவுண்டி. அங்கே கவுண்டி கவுன்சில் ஒன்று, மாவட்ட, பரோ கவுன்சில்கள் 11, ஆக 12. 2025 அக்டோபர் கடைசியில் வந்த அறிவிப்பின்படி இந்த 12உம் போய், கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டு வரும். பொறுப்பேற்க வேண்டிய நாள் 2027 ஏப்ரல் 1. மேற்கு சர்ரேக்குள் போகும் வோக்கிங் பரோ, 2023 ஜூனில் தன் வரவால் செலவைச் சமாளிக்க முடியாது என்று 114ஆம் பிரிவு அறிவித்தலை விட்ட கவுன்சில். புதிய கவுன்சிலுக்குப் பிறக்கும்போதே ஒரு கடன் சுமை இருக்கும். எங்கள் கவுண்டி உட்படப் பெரும்பாலான மற்றப் பகுதிகளுக்கு இலக்கு 2028.

எங்கள் ஊரில் இதைப்பற்றி ஒரு பொதுக் கூட்டம் வைத்தார்கள். நான் போய்க் கையை உயர்த்தி, புற்றுநோய்ப் பரிசோதனைகள் என்னவாகும் என்று கேட்டேன். மேடையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: அது என்.எச்.எஸ் செய்கிற வேலை, கவுன்சில் மாறினாலும் மாறாவிட்டாலும் அதில் எந்தப் பாதிப்பும் வராது. பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த கேள்வி குப்பைத்தொட்டி பற்றியது.

அவர் சொன்னது பொய்யல்ல. அதனால்தான் அதை மறுத்துப் பேச எனக்கு அன்று வாய் வரவில்லை. பரிசோதனைக்கான அழைப்பு நாம் எந்தக் கவுன்சிலுக்கு வரி கட்டுகிறோம் என்று பார்த்து வருவதில்லை, எந்த ஜிபியிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், பதிந்திருக்கிறோம் என்று பார்த்து வருகிறது. 50 முதல் 74 வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடல் கிட் வரும். 50 வயதிலிருந்து 71ஆவது பிறந்தநாள் வரை பெண்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மார்பக எக்ஸ்ரே. 25 முதல் 64 வரை கருப்பைக் கழுத்துக்கான ஸ்மியர். 2025 ஜூலையிலிருந்து, அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி வைரஸ் இல்லை என்று முடிவு வந்த 50 வயதுக்குட்பட்டவர்களுக்கும் அதன் இடைவெளி மூன்று வருடத்திலிருந்து ஐந்து ஆகிவிட்டது. புகைபிடிப்பவர்களுக்கும் முன்பு புகைபிடித்தவர்களுக்கும் 55 முதல் 74 வரை நுரையீரல் பரிசோதனை படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. இவை எல்லாம் என்.எச்.எஸ் பணத்தில், என்.எச்.எஸ் பட்டியலில் நடப்பவை. எல்லைக்கோட்டை எங்கே நகர்த்தினாலும் கடிதம் வந்து சேரும்.

ஆனால் மாமியின் லாச்சிக்குள்ளும் கடிதம் ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தது. மூன்று முறை.

கடிதம் என்.எச்.எஸ் பக்கம், மண்டபமும் பஸ்ஸும் கவுன்சில் பக்கம் என்ற இந்தப் பிரிவினை எப்படி உண்டானது என்று கொஞ்சம் வாசித்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஊர்ச் சுகாதாரம் கவுன்சிலின் வேலைதான். கவுன்சிலுக்கென்று சுகாதார வைத்திய அதிகாரி இருந்தார். 1974 ஏப்ரல் 1 அன்று ஒரே நாளில் இரண்டு பெரிய மாற்றங்கள் நடந்தன: கவுன்சில் எல்லைகள் புதிதாக வரையப்பட்டன, அந்த அதிகாரி பதவியும் ஒழிந்து பொதுச் சுகாதாரம் என்.எச்.எஸ் பக்கம் போனது. 39 வருடம் கழித்து, 2013 ஏப்ரல் 1 அன்று, அது திரும்பக் கவுன்சிலுக்கே வந்தது. வரும்போது முழுதாக வரவில்லை. புகைத்தலை விடவைப்பது, உடற்பருமன், பாலியல் சுகாதாரம் எல்லாம் கவுண்டி கவுன்சிலுக்கு. புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டங்கள் என்.எச்.எஸ் வசமே. கவுன்சிலின் பொதுச் சுகாதார இயக்குநருக்கு இருப்பது, தன் மக்களுக்குப் பரிசோதனை ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்த்துக் கேள்வி கேட்கும் பொறுப்பு. அழைப்பது ஒருவர், வரவைக்க உதவுவது இன்னொருவர் என்று ஆனது அப்படித்தான்.

பிரச்சினை என்னவென்றால், அழைப்பவரின் வேலைக்கு ஒப்பந்தம் இருக்கிறது, இலக்கு இருக்கிறது, கணினி இருக்கிறது. வரவைப்பவர்களின் வேலை பெரும்பாலும் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒருவருடைய கைத்தொலைபேசியில் சேமித்த ஐந்தாறு எண்களில் இருக்கிறது.

மார்பகப் பரிசோதனை வாகனத்தைப் பற்றிச் சொல்கிறேன். வைத்தியசாலைக்குப் பெண்கள் வரவேண்டியதில்லை, ஊருக்கே எக்ஸ்ரே இயந்திரத்தோடு ஒரு நீண்ட வாகனம் வரும். எங்காவது ஓர் இடத்தில் சில கிழமைகள் நிற்கும், அந்தப் பகுதி ஜிபிக்களிடம் பதிந்த பெண்களைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். அது நிற்பதற்குச் சமதரையான இடம் வேண்டும், மின்னிணைப்பு வேண்டும், பக்கத்தில் பஸ் நிறுத்தமும் கழிவறையும் இருந்தால் நல்லது. எங்கள் ஊரில் அதற்கென்று அமைந்தது விளையாட்டு மையத்தின் வாகனத் தரிப்பிடம். சுவரோரம் மின்சாரப் பெட்டி. எதிரே பஸ் நிறுத்தம். நடந்து வரலாம். நீச்சலுக்குப் பிள்ளையைக் கூட்டி வந்த தாய் அதைக் கண்டு, தனக்கும் கடிதம் வந்தது ஞாபகம் வந்து, தொலைபேசியில் அழைத்து நேரம் எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தத் தரிப்பிடம் மாவட்ட கவுன்சிலுடையது. வாகனம் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மட்டும் செய்யும் ஒரு வேலையை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? யாரிடம் சாவி, எந்த ஆறு வாகன இடங்களை அடைத்துவைப்பது, மின்சாரக் கட்டணத்தை யார் பெயரில் எழுதுவது என்பதெல்லாம் ஒரே ஒரு ஆளின் தலைக்குள் இருந்தது. கொஞ்ச வருடத்துக்கு முன் ஒரு சுற்றில், அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார். விளையாட்டு மையத்தை நடத்தும் நிறுவனமும் மாறியிருந்தது. புதியவர்களுக்கு இப்படி ஒரு வாகனம் வரும் என்பதே தெரியாது. சுவரைப் புதுப்பித்தபோது மின்சாரப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். வாகனம் அந்தமுறை ஊருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் நின்றது. இரண்டு பஸ் மாறவேண்டும். கடைசி அரை மைல் நடைபாதை இல்லாத வீதி. கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கார் ஓட்டாத பெண்கள் ஒன்பது பேரை நான் இரண்டு சனிக்கிழமைகளில் என் காரில் ஏற்றி இறக்கினேன். எனக்குத் தெரிந்தவர்கள் அந்த ஒன்பது பேர். எனக்குத் தெரியாதவர்கள் எத்தனை பேர் கடிதத்தைத் திரும்ப மடித்து வைத்தார்கள்?

இது எல்லை எதுவும் மாறாத ஒரு வருடத்தில், ஒரு ஆள் போனதால் நடந்தது. இப்போது ஒரு கவுண்டி முழுவதும், எல்லா மாவட்ட கவுன்சில்களிலும், எல்லா ஆட்களும் ஒரே சமயத்தில் இடம் மாறப்போகிறார்கள். 2025இல் வந்துபோன வாகனம் அடுத்து வருவது 2028இல், புதிய கவுன்சில் பொறுப்பேற்ற வருடத்தில்.

அரசாங்கமும் கவுன்சில்களும் சொல்வது, ஊழியர்கள் எல்லோரும் சட்டப்படி புதிய கவுன்சிலுக்கு மாற்றப்படுவார்கள், வேலை போகாது என்று. ஏப்ரல் முதலாம் திகதி அது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய 18 மாதத்தில் நடப்பதை நான் கண்முன்னே பார்க்கிறேன். தன் பதவி புதிய அமைப்பில் இருக்குமா என்று தெரியாதவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடுகிறார்கள். காலியாகும் இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை, "புதிய கவுன்சில் வரட்டும்" என்று விடுகிறார்கள். எங்களுக்கு மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்த சமூக அலுவலர் போன பங்குனியோடு போய்விட்டார். அவர் தமிழர் இல்லை. ஆனால் எங்கள் மாமிமார் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், யார் தனியாக இருக்கிறார், யாருக்குக் காது கேட்காது என்று அவருக்குத் தெரியும். போகிற கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், ஊரில் உள்ள சமூகக் குழுக்கள் எல்லாவற்றின் பட்டியலும் அதில் இருந்தது. "இது அலுவலகக் கோப்பு எதிலும் இல்லை, நீங்களாவது வைத்திருங்கள்" என்று எழுதியிருந்தார்.

மண்டபத்தின் கதையும் அப்படித்தான். கலையப்போகும் மாவட்ட கவுன்சில்கள் பல, தங்கள் மண்டபங்களையும் பூங்காக்களையும் பெரிய கவுன்சிலிடம் விடாமல் ஊர்மட்டப் பாரிஷ் கவுன்சில்களிடமோ தொண்டு அமைப்புகளிடமோ ஒப்படைக்கப் பார்க்கின்றன. ஊர்ச் சொத்து ஊரிலேயே இருக்கட்டும் என்ற எண்ணம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிறிய அமைப்பு கூரையைத் திருத்தவும் குளிர்கால எரிவாயுவுக்கும் எங்கே போகும்? வாடகையை ஏற்றும். எங்களைப் போன்ற குழு வாடகைக்கு எங்கே போகும்? மானியம் கேட்டால், இந்த வருடம் ஒரு வருடத்துக்கு மட்டும் என்கிறார்கள்.

அப்புறம் எண்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். இந்த நாட்டில் வசதி குறைந்த பகுதிகளிலும், தெற்காசியச் சமூகங்களிலும் பரிசோதனைக்கு வருபவர்கள் குறைவு என்பது பலகாலமாகத் தெரிந்த விஷயம். எங்கே குறைவு என்று கவுன்சில் வாரியாக எண்கள் வெளியாகின்றன. ஒரு மாவட்டம் அட்டவணையில் சிவப்பாகத் தெரிந்தால் யாராவது ஒரு கூட்டத்தில் ஏன் என்று கேட்பார்கள். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: ஐந்து மாவட்டங்கள், ஒரே அளவு மக்கள். நாலில் நூற்றுக்கு 74 பேர் வருகிறார்கள், ஒன்றில் 54 பேர். ஐந்தையும் சேர்த்தால் நூற்றுக்கு 70. அட்டவணையில் ஒரு பிழையும் தெரியாது. அந்த 54 எங்கேயும் போகவில்லை, அந்தப் பெண்களும் எங்கேயும் போகவில்லை. பார்க்கிறவரின் கண்ணிலிருந்துதான் போய்விட்டார்கள். ஜிபி வாரியான எண்கள் தொடர்ந்து இருக்கும், தேடிப் போனால் கிடைக்கும் என்று சொல்வார்கள். சரி, இருக்கும். ஆனால் தேடிப் போவதற்கு முதலில் சந்தேகம் வரவேண்டும்.

சர்ரே போல ஒரு கவுண்டியை இரண்டாகப் பிரிக்கும் இடத்தில் சிக்கல் எதிர்ப்பக்கமாக வரும். ஒரே பொதுச் சுகாதாரக் குழுவை இரண்டாக்க வேண்டும். பத்துப் பேர் செய்த வேலையை ஐந்தும் ஐந்துமாகப் பிரிக்கலாம், ஆனால் அதில் எண்களைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் அவரைப் பிரிக்க முடியாது. இதற்கு மேல் என்.எச்.எஸ் எல்லைகள் வேறு. சர்ரே ஹீத்தும் ஃபார்ன்ஹமும் சர்ரே கவுண்டிக்குள்தான் இருக்கின்றன, ஆனால் 2022இல் என்.எச்.எஸ் சேவைகளைப் பகுதிவாரியாகத் திட்டமிடும் ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகளை அமைத்தபோது அவை ஃப்ரிம்லி சபைக்குள் போயின, மிச்சச் சர்ரே ஹார்ட்லண்ட்ஸ் சபைக்குள். 2025 மார்ச்சில், என்.எச்.எஸ்ஸை மேலிருந்து நடத்தும் என்.எச்.எஸ் இங்கிலாந்து அமைப்பையே கலைக்கப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். அந்தச் சபைகளுக்கும் தங்கள் செலவில் பாதியை வெட்டச் சொன்னார்கள். ஆக, கவுன்சில் பக்கம் வீடு மாறும்போது என்.எச்.எஸ் பக்கமும் வீடு மாறுகிறது. முன்பெல்லாம் ஒரு பக்கம் தடுமாறினால் மற்றப் பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இருந்தது.

அமைப்புகள் மாறும் காலத்தில் எழுதப்படும் ஒரு வரி என்ன செய்யும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2018 மே மாதம் சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, கடைசி மார்பகப் பரிசோதனைக்கு அழைக்கப்படாமல் 4,50,000 பெண்கள் வரை விடுபட்டிருக்கலாம் என்றார். பிறகு ஆராய்ந்தபோது எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனால் காரணத்தைப் பாருங்கள். 2013 மாற்றத்தோடு வந்த ஆவணம் கடைசி அழைப்பு எந்த வயதில் என்று சொன்னதும், நிலையங்கள் காலகாலமாகச் செய்துவந்ததும் ஒத்துப்போகவில்லை. ஐந்து வருடம் யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கிழமை எழுபது வயதுப் பெண்கள் எத்தனை பேர் தொலைபேசியை எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒருவருக்கு நான் உரைபெயர்த்தேன். அவருக்கு ஒன்றுமில்லை, ஆனால் அது தெரியும்வரை பதினாறு நாள் அவர் சாப்பிட்டது குறைவு.

மாற்றமே வேண்டாம் என்பவள் அல்ல நான். டென்மார்க்கில் மார்பகப் பரிசோதனை 1991இல் கோப்பன்ஹேகனில் தொடங்கியது, இரண்டு வருடம் கழித்து ஃபியூன் தீவில். மற்றக் கவுண்டிகள் பல ஆண்டுகளாகத் தொடங்கவேயில்லை. ஒரே நாட்டில், ஒரே வயதில், வசிக்கும் கவுண்டியைப் பொறுத்து ஒரு பெண்ணுக்கு அழைப்பு வந்தது, மற்றவளுக்கு வரவில்லை. 2007இல் 13 கவுண்டிகளைக் கலைத்து ஐந்து பிராந்தியங்கள் அமைத்தார்கள், அந்தக் காலத்தை ஒட்டித்தான் பரிசோதனை நாடு முழுதும் பரவியது. பின்லாந்திலும் 2023 தொடங்கும்வரை நூற்றுக்கணக்கான நகரசபைகள் தனித்தனியாக ஏற்று நடத்திய பொறுப்பு, இப்போது இருபத்துச் சொச்சம் பெரிய அமைப்புகளிடம் இருக்கிறது. சின்ன அமைப்பு என்றால் நல்லது, பெரியது என்றால் கெட்டது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

இங்கேயும் நல்லது நடக்க வழி இருக்கிறது. இப்போது பொதுச் சுகாதாரம் கவுண்டியிடம், மண்டபமும் வீடமைப்பும் மாவட்டத்திடம். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தால், கவுன்சில் வீட்டில் குடியிருக்கும் ஒரு 58 வயது மனிதரிடம் குழாய் திருத்த வருகிற ஆளே, "நுரையீரல் பரிசோதனைக் கடிதம் வந்ததா?" என்று கேட்கும்படி செய்யலாம். விளையாட்டு மையக் குத்தகையில், பரிசோதனை வாகனத்துக்கு இடமும் மின்சாரமும் கொடுக்கவேண்டும் என்று ஒரே வரி எழுதிவிடலாம். அந்த வரியை எழுத இதைவிட நல்ல நேரம் வராது, ஏனென்றால் எல்லாக் குத்தகைகளையும் எப்படியும் திறந்து பார்க்கத்தான் போகிறார்கள்.

நான் கேட்பதெல்லாம் அதைத்தான். கவுன்சில்கள் இப்போது தங்களிடம் உள்ள கட்டடங்கள், கடன்கள், ஒப்பந்தங்கள், குப்பை வண்டிகள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியலில், எந்தத் தரிப்பிடத்தில் எப்போது வாகனம் நிற்கும், எந்த மண்டபத்தில் எந்தக் கிழமை யார் கிட்டைப் பிரித்துக் காட்டுகிறார், எந்தப் பஸ் அதற்குப் போகிறது என்பதும் வரட்டும். பழைய மாவட்ட எல்லைகளின்படியான பரிசோதனை எண்களைக் குறைந்தது பத்து வருடத்துக்குத் தனியாக வெளியிடட்டும். பழைய எல்லை வரைபடத்தில் இல்லாவிட்டாலும் கணக்கில் இருக்கலாம், அதற்குப் பெரிய செலவு கிடையாது. அப்புறம், போகிற ஆட்கள் போவதற்கு முன் யாராவது அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர்களுக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் பகுதிக்கு நானே எழுதத் தொடங்கிவிட்டேன். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று. முதல் பக்கத்தில் விளையாட்டு மையம்: மின்சாரப் பெட்டி திரும்பப் பூட்டப்பட்டதா, யாரிடம் கேட்பது. இரண்டாம் பக்கத்தில் மண்டபம்: சாவி யாரிடம், சூடாக்கும் இயந்திரத்துக்கு எந்தச் சுவிட்ச், பின்கதவுப் படியில் கைபிடி இல்லை. மூன்றாம் பக்கம் பஸ். நாலாம் பக்கத்திலிருந்து சமூகங்கள். எங்கள் சமூகம் மட்டுமல்ல, அந்த மின்னஞ்சல் பட்டியலில் இருந்த போர்த்துக்கீசக்காரர், நேபாளிகள், ஊர்வீதிக்குக் கடைசியில் வண்டிவீடுகளில் வாழும் பயணச் சமூகத்தார். மூன்று பக்கம் நிரம்பியதும் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அங்கிருந்த ஒரு இளம் பெண் நேரிலேயே வந்து, மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, படியில் கைபிடி இல்லாததைப் படம் எடுத்துக்கொண்டு போனார். தன்னுடைய பதவியும் எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை என்றார். கொப்பியின் முதல் பக்கத்தில் அவருடைய சொந்த எண்ணையும் எழுதித் தந்தார்.

போன கிழமை மாமி தொலைபேசியில் அழைத்தார். அவருடைய சகோதரி, தன் மகள் வீட்டோடு இருக்க இந்த ஊருக்கே குடிவருகிறாராம், வயது 60. ஜிபியிடம் பதிந்தாகிவிட்டது, கடிதமும் வந்துவிட்டது, வந்தது இப்போது லாச்சிக்குள் இருக்கிறதாம். "வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் போனமுறை காட்டின மாதிரிக் காட்டினால் அவ செய்வா. மண்டபம் இருக்குத்தானே?" என்று கேட்டார்.

இந்த வியாழன் இருக்கிறது மாமி, கூட்டிக்கொண்டு வாங்கோ என்றேன். சொல்லிவிட்டுக் கொப்பியைத் திறந்து, அடுத்த வருடத்துக்கான முன்பதிவுப் படிவத்தை யாருக்கு அனுப்புவது என்ற வரிக்கு நேரே பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்தேன்.